பால் கொடுக்கும்போது டாட்டூ போட்டேன்: 4,500 ரூபாயில் ஆரம்பித்த கதை

போன பொங்கல் முடிந்த வாரம் இடது முன்கையில் டாட்டூ போட்டுக்கொண்டேன். மகனுக்கு அப்போதுதான் ஐந்து மாதம் முடிந்திருந்தது, தாய்ப்பால் மட்டும்தான் குடித்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் ஆடி மாதம் வரைக்கும் அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு லேப், கிளினிக், மெடிக்கல் ஷாப் என்று அலைந்தேன். போடுவதற்கு முன்னால் விசாரிக்காமல் இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் இரண்டே பதில்தான் கிடைத்தது. பெரியவர்கள் "பால் குடுக்கிறவ பண்ற காரியமா இது?" என்றார்கள். டாட்டூ போட்ட தோழிகள் "ஒண்ணும் ஆகாது, தைரியமா போடு" என்றார்கள். எதனால் ஆகும், எதனால் ஆகாது, ஆகிவிட்டால் முதலில் யாரிடம் போவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்படி என்ன அவசரம் என்று கேட்டால் இப்போது எனக்கே சரியான பதில் இல்லை. பிரசவ டிஸ்சார்ஜ் ஃபைலில் குழந்தையின் பாதத்தை மையில் ஒற்றி எடுத்த தாள் ஒன்று இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து பால் கொடுக்கும்போதெல்லாம் அந்தத் தாள்தான் ஞாபகம் வரும். அந்தப் பாதத்தைத்தான் கையில் டாட்டூவாகப் போட்டுக்கொள்ள நினைத்தேன். ஐந்து மாதமாக என் உடம்பு என்னுடையதாகவே இல்லை. ஆறாத தையல், பால் கசிந்து காய்ந்த நைட்டி, சீப்பில் கொத்துக் கொத்தாக வரும் முடி. பேறுகால விடுப்பு 26 வாரமும் ஜனவரிக் கடைசியில் முடிகிறது. பாரிமுனையில் ஒரு கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன், திரும்பப் போய் உட்கார்ந்தால் மார்ச் முடிகிறவரை தலை நிமிர முடியாது. அதற்குள் எனக்கென்று ஒன்று செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு வீம்பு. அவ்வளவுதான் காரணம்.

பெரம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிஷம். ஏசி போட்ட நல்ல ஸ்டுடியோ. டாட்டூ போட்ட பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், மரியாதையானவன். கையுறை போட்டான். ஊசி கார்ட்ரிட்ஜை என் கண் முன்னால்தான் பிரித்தான். மெஷினுக்கும் வயருக்கும் பிளாஸ்டிக் உறை, இங்க் ஊற்ற புதுக் கப். "ஊசி புதுசா" என்ற ஒரே கேள்வியோடு போனவளுக்கு இதையெல்லாம் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. கையெழுத்து போட ஒரு ஃபாரம் கொடுத்தான். சர்க்கரை வியாதி உண்டா, அலர்ஜி உண்டா, 18 வயது ஆகிவிட்டதா என்றெல்லாம் இருந்தது. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்று இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் போட மாட்டான் என்று உள்ளுக்குள் தெரியும். தப்பில் பாதி என்னுடையது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

அவுட்லைன் முடிந்தது. பாதப் படத்தின் குதிகாலில் நிழல் கொடுக்கக் கறுப்பு இங்க்கை நீர்த்துச் சாம்பல் நிறமாக்க வேண்டும். மூலையில் ஸ்டாண்டில் கவிழ்த்திருந்த கேனிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, அதில் மூன்று சொட்டைக் கப்பில் விட்டான். நாம் வீட்டில் குடிக்கிற அதே இருபது லிட்டர் கேன். அந்த டம்ளரில்தான் அவ்வப்போது ஊசியையும் அலசினான். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். குழாய்த் தண்ணீர் இல்லை, கேன் தண்ணீர்தான் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. சென்னைக்காரிக்குக் கேன் தண்ணீர் என்றால் சுத்தம். குடிக்கிற சுத்தம் வேறு, தோலுக்கு அடியில் போகிற சுத்தம் வேறு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குடித்தால் வயிற்றிலிருக்கும் அமிலம் பாதியைப் பார்த்துக்கொள்ளும். டாட்டூ ஊசியோ ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தில், தோலின் இரண்டாம் அடுக்கில் மையை இறக்குகிறது. அங்கே போகிற தண்ணீர், ஊசி மருந்து கலக்கப் பயன்படும் ஸ்டெரைல் வாட்டராகத்தான் இருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சின்னக் குப்பிகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற சமாச்சாரம். நாம் எல்லோரும் ஊசியைக் கேட்கிறோம், தண்ணீரைக் கேட்பதில்லை. "நிழலுக்கு இங்க்கை எதில் கலக்குறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

வீட்டில் இவர் "அழகா இருக்கு" என்றார். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் சும்மா இருக்காமல், "உங்க மாமியார் கை முழுக்கப் பச்சை குத்தியிருந்ததே அத்தை" என்று கேட்டுவிட்டேன். "அவங்களுக்குக் குத்தினப்போ கல்யாணமே ஆகல. கைல புள்ளைய வச்சுக்கிட்டா குத்தினாங்க?" என்றார். அந்தக் காலத்தில் ஊருக்கு வரும் குறத்தி விளக்குக் கரியையும் மஞ்சளையும் தாய்ப்பால் விட்டுக் குழைத்துக் குத்துவாள் என்று அவரே சொன்னார். பச்சைக்குள் தாய்ப்பால் போன காலம் அது. தாய்ப்பாலுக்குள் பச்சை போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

போட்ட இடமும் தப்பு. இடது பக்கம் பால் கொடுக்கும்போது பிள்ளையின் தலை முழங்கை மடிப்பிலும், கழுத்தும் முதுகும் முன்கையிலும் வரும். அதாவது புதுப் புண்ணின் மேல். பால் கக்குவான், எச்சில் ஒழுகும், இரண்டு பேருக்கும் வியர்க்கும். முதல் வாரம் பயந்துகொண்டு வலது பக்கமே கொடுத்தேன். நாலாம் நாள் இடது மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. அப்புறம் அம்மாதான் வந்து, பிள்ளையைக் கக்கத்துக்கு அடியில் இடுக்கி, கால்கள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி பிடித்துக்கொண்டு கொடுக்கக் காட்டிக்கொடுத்தாள். பால் கொடுக்கிற யாராவது எப்படியும் போட்டே தீருவேன் என்றால், பிள்ளை தலை படுகிற இடத்தையும், இடுப்பில் தூக்கும்போது உரசுகிற இடத்தையும், மார்பையும் விட்டுவிட்டு யோசியுங்கள்.

பத்தாம் நாள் தோல் உரிந்து பளிச்சென்று ஆறிவிட்டது. ஆபீசுக்கும் போக ஆரம்பித்துவிட்டேன். அதனால்தான் பிப்ரவரி நடுவில், போட்டு நாலாவது வாரம், கடுகு கடுகாகச் சிவப்பு மேடுகள் கிளம்பியபோது டாட்டூவோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மெடிக்கல் ஷாப்பில் கையை நீட்டினேன். "அலர்ஜிதான்க்கா, ரெண்டு நாள்ல போயிரும்" என்று 140 ரூபாய்க்கு ஒரு டியூப் கொடுத்தார்கள். நாலு நாள் அடங்கிய மாதிரி இருந்தது. அப்புறம் மிளகு அளவுக்கு எழும்பியது. மறுபடியும் ஒரு டியூப் வாங்கித் தடவினேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், கூடவே கிருமியோடு சண்டை போடுகிற நம் தோலின் சக்தியையும் அமுக்கும். கீழே கிருமி நிம்மதியாகப் பெருகும். ஆறின டாட்டூவில் மறுபடி எது வந்தாலும் கடையில் கையை நீட்டி ஆயின்ட்மென்ட் வாங்காதீர்கள். அந்த 280 ரூபாய்தான் என்னை மூன்று வாரம் பின்னுக்குத் தள்ளியது.

இன்னொன்றையும் நான் கவனித்திருக்க வேண்டும். மேடுகள் எல்லாம் குதிகாலில், நீர்த்த சாம்பல் நிறத்தில் மட்டும்தான் இருந்தன. விரல்களைச் சுற்றியிருந்த கறுப்புக் கோட்டில் ஒன்றுகூட இல்லை. ஒரே கை, ஒரே ஊசி, ஒரே சோப்பு. தினமும் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் முதலில் பார்த்ததும் இதைத்தான்.

தெருமுனை டாக்டர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். பால் கொடுக்கிறேன் என்றதும் அதற்கேற்ற மாத்திரையாகத்தான் கொடுத்தார், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குள் இடது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. பால் கட்டியாக இருக்கும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். பால் கொடுக்கிறவளுக்கு இதுதான் சங்கடம், உடம்பில் எது வீங்கினாலும் பால் மேல் பழியைப் போட்டுவிடலாம். உண்மையில் அது நெறி கட்டியிருந்தது.

பயந்துபோய் இன்னொரு டாக்டரிடம் போனேன். பெயர் வேண்டாம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தே எட்டிப் பார்த்தார், கையைத் தொடவில்லை. "டாட்டூவா? ஃபீடிங்கா? முதல்ல பால நிறுத்துங்க. எய்ட்ஸ், மஞ்சள் காமாலை எல்லாம் பாத்துட்டு அப்புறம் பேசலாம்." ரெண்டு நிமிஷம், 500 ரூபாய். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாள் நிறுத்தினேன். இந்த முழுக் கதையிலும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது அந்த ஒன்பது நாள்தான். புட்டியை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளினான். அத்தைதான் பரண் மேலிருந்த பழைய வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, கொதிக்க வைத்து, பிள்ளையை மடியில் போட்டுப் பவுடர் பாலைப் புகட்டினார். அவர் புகட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு இங்கே ரவிக்கை நனையும். கதவைச் சாத்திக்கொண்டு பம்பில் எடுத்து, வாஷ்பேசினில் ஊற்றுவேன். ஆபீசில் பழைய பில் ஆஃப் லேடிங் கட்டுகள் அடுக்கிய ரெக்கார்டு ரூமில், ஃபைல் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு எடுத்தேன். ஒரு தடவை ஊற்றும்போது அளந்து பார்த்தேன், 110 மில்லி. கணக்குப் பார்க்கிறவள் புத்தி, எதையாவது அளந்துகொண்டே இருக்கும். ஒன்பது நாளில் பால் பாதியாக வற்றிவிட்டது.

அந்த வாரம் ஒரு ராத்திரி இவர் போனில் எதையோ படித்துவிட்டு முகம் வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தார். 2015இல் ஆஸ்திரேலியாவில், டாட்டூ போட்டுக்கொண்ட ஒரு தாய் தன் பதினோரு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று ஒரு நீதிபதி தடை போட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் டாட்டூ போட்டு சில வாரம்தான் ஆகியிருந்தது, அதனால் பரிசோதனையை முழுசாக நம்ப முடியாது என்பது நீதிபதியின் வாதம். இவர் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டார். நான் போனைப் பிடுங்கி மீதியைப் படித்தேன். அதே வருஷம் ஜூன் மாதம் மேல்முறையீட்டில் அந்தத் தடை ரத்தாகிவிட்டது. பாதிச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நம் வீடுகளில் பாதிப் பயம் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் காலை குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற டாக்டரிடம் போனோம். அங்கே முதல் நாளே போயிருக்க வேண்டும்.

அந்த டாக்டரம்மா முதலில் என் கையைப் பிடித்து விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார். அக்குளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "பால நிறுத்தச் சொன்னவங்க கைல இருக்கிற புண்ணுக்கு என்ன செய்யச் சொன்னாங்க?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் எனக்குச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். டாட்டூ மை தோலிலேயே சிறைப்பட்டுவிடுகிறது. தோலில் இருக்கிற செல்கள் அந்தத் துகள்களை விழுங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்கின்றன, கொஞ்சம் நெறிக்கட்டுகளுக்குப் போகிறது. பெரிய துகள்கள், பாலுக்குள் போவதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் பால் கொடுக்கிற பெண்களுக்கு டாட்டூ போட்டு அளந்து பார்க்க யாரும் முன்வர மாட்டார்கள், அதனால் நூறு சதவீதம் என்று எழுதிக் கொடுக்க முடியாது. பயப்பட வேண்டியது மையை விட ஊசியாலும் தண்ணீராலும் வருகிற தொற்றுக்கு. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பால் வழியாகப் பரவுவதில்லை, காம்பு வெடித்து ரத்தம் வந்தால்தான் யோசிக்க வேண்டும். போதாததற்குப் பிள்ளைக்குப் பிறந்த அன்றும், ஆறு, பத்து, பதினாலு வாரத்திலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாகிவிட்டது, அட்டையில் இருக்கிறது. எச்.ஐ.வி. பால் வழியாகப் பரவும், அதைப் பரிசோதித்துவிடலாம். ஊசி புதுசு என்பதால் என் விஷயத்தில் பாலை நிறுத்தத் தேவையில்லை, புண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்றார். பால் பழையபடி ஊற இரண்டு வாரம் பிடித்தது. ஒவ்வொருவர் நிலைமையும் வேறு, என் டாக்டர் சொன்னது உங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் யாராவது பாலை நிறுத்து என்றால், எதற்காக, எத்தனை நாள், நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் இன்னொருவரைப் பாருங்கள். நம் ஊரில் ராத்திரியில்கூட 104க்கு போன் போட்டுக் கேட்கலாம், அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அவர் அனுப்பித்தான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கிரே ஷேடுக்கு எந்தத் தண்ணி கலந்தாங்க?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் 2011 கடைசியில் 19 பேருக்கு இதே மாதிரி சாம்பல் நிறத்தில் மட்டும் கொப்புளம் வந்ததாம். அங்கே பாட்டிலிலேயே நீர்த்து விற்ற இங்க்கில் கிருமி இருந்திருக்கிறது. என் விஷயத்தில் கேன் தண்ணீரா, டம்ளரா, இங்க் பாட்டிலேயா என்று நிரூபிக்க முடியாது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பென்சில் முனை அளவுக்கு ஒரு துண்டைத் துளைத்து எடுத்தார், ஒரு தையல். பாதி பயாப்ஸிக்கு, பாதி கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு. கல்ச்சர் சீட்டில் ஏ.எஃப்.பி. என்று, அதாவது டி.பி. வகைக் கிருமிகளைத் தேடச் சொல்லி, தனியாக எழுதி அடிக்கோடு போட்டார். சாதாரணக் கல்ச்சர் இரண்டு நாளில் "ஒன்றும் வளரவில்லை" என்று வந்துவிடும், இந்தக் கிருமிக்கு அதைவிட நாளாகும். மைக்கோபாக்டீரியம் கெலோனே என்று ரிப்போர்ட் வர பத்து நாள் ஆனது. டி.பி. கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தம் என்று டாக்டர் சொன்னதில், அத்தை காதில் விழுந்தது "டி.பி." மட்டும். என் தட்டு, டம்ளர் எல்லாம் அன்று சாயங்காலமே தனியாகிவிட்டது. தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கிற கிருமி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்று இவர் நாலு தடவை சொன்ன பிறகுதான் தட்டு திரும்பி வந்தது.

கிளாரித்ரோமைசின், காலை ஒன்று ராத்திரி ஒன்று, நாலு மாதம். பால் கொடுக்காதவளாக இருந்திருந்தால் டாக்டர் கையில் இன்னும் சில மாத்திரைகள் இருந்திருக்கும். தொற்று வராமல் இருக்கிற வரைக்கும் இது நமக்குத் தோன்றாது: டாட்டூவால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசிக்கிறோம், டாட்டூவுக்கு வைத்தியம் செய்ய நேர்ந்தால் எந்த மருந்து மிச்சம் இருக்கும் என்று யோசிப்பதில்லை. பாலில் கொஞ்சம்தான் போகும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கோ வாயில் வெள்ளைப் படலமோ வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். மூன்று நாள் தண்ணியாகப் போனான், தானே நின்றது. எனக்குத்தான் வாய் முழுக்கக் கசப்பு. ஃபில்டர் காபி குடித்தாலும் நாக்கில் ஒரு ரூபாய்க் காசை வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். நாலு மாதம் சோறு எது, ரசம் எது என்று தெரியாமல் சாப்பிட்டேன்.

ரத்தப் பரிசோதனை பற்றி: போட்ட மறுநாளே ஓடிப் போய்ச் செய்வதில் பயனில்லை, கிருமி இருந்தாலும் அத்தனை சீக்கிரம் தெரியாது. இப்போதுள்ள எச்.ஐ.வி. லேப் பரிசோதனையில் 45 நாளுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹெபடைடிஸ் சி தெரிய அதைவிட அதிக நாள் பிடிக்கும், அதனால் ஏழாம் வாரமும் ஆறாம் மாதமும் இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவையும் ஒன்றும் இல்லை. தனியார் லேபில் இரண்டுக்கும் சேர்த்து 3,400 ரூபாய். எச்.ஐ.வி. மட்டும் என்றால் அரசு மருத்துவமனையில் இருக்கிற நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே செய்வார்கள், ரகசியமும் காப்பார்கள். அங்கே போக வெட்கப்பட்டது என் முட்டாள்தனம். இன்னொரு விஷயம், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நான் சின்ன வயதில் போட்டிருக்கவில்லை. டாட்டூ யோசனை இருக்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம், மூன்று டோஸ் முடிய ஆறு மாதம். சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது.

டாட்டூ 4,500. அதற்குப் பின்னால் டாக்டர் ஃபீஸ், பயாப்ஸி, கல்ச்சர், மாத்திரை, பம்ப், பவுடர் பால் எல்லாம் சேர்த்து 28,470 ரூபாய். மாத்திரை மட்டுமே 9,120. சம்பளமில்லா விடுப்பு 11 நாள், அதை இதில் சேர்க்கவில்லை. ஆட்டோ காசையும் சேர்க்கவில்லை, சேர்த்தால் இவர் கேட்பார்.

மே மாதம் வில்லிவாக்கத்தில் சித்தி பெண்ணுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "அக்கா, பிரசவத்துக்கு முன்னாடியே ஒரு சின்ன டாட்டூ போட்டுட்டா என்ன? அப்புறம்தான் நேரமே கிடைக்காதே" என்றாள். ஸ்லீவைத் தூக்கிக் காட்டினேன். அப்போது மேடுகள் வந்த ஆறு இடத்திலும் ஊதா நிறத்தில் பள்ளம் பள்ளமாக இருந்தது. கர்ப்பத்தில் இன்னும் சிக்கல் என்பதையும் சொன்னேன். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் பரிசோதனையெல்லாம் ஆரம்ப மாதங்களிலேயே எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு டாட்டூவில் ஏதாவது தொற்றினால், பழைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு மணி நேரம் ஒரே பக்கம் படுத்திருப்பது, வலியில் தலைசுற்றல், காய்ச்சல் வந்தால் கொடுக்கக் கூடிய மருந்து குறைவு, வயிற்றிலும் இடுப்பிலும் தோல் விரிவதால் படம் கோணலாவது என்று வரிசையாக இருக்கிறது. அவள் ஏற்கெனவே முதுகில் கீழே ஒன்று போட்டிருக்கிறாள், பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசியைப் போட மாட்டார்களா என்று பயந்தாள். ஆறிய பழைய டாட்டூ இருந்தால் மயக்க மருந்து டாக்டர் மை இல்லாத இடமாகப் பார்த்துப் போடுவார், முன்கூட்டியே சொல்லி வை, அதற்காக வலியோடு கிடக்காதே என்றேன். என் தோல் டாக்டர் எனக்குச் சொன்ன கணக்கு, பிள்ளைக்கு ஒன்பது மாதமாவது, முடிந்தால் ஒரு வயசு ஆகட்டும், சோறு சாப்பிடப் பழகி உன் உடம்பும் தேறட்டும் என்பதுதான். லேசரில் அழிப்பதும் பால் மறக்கடித்த பிறகுதான்.

"அப்ப மெஹந்தியாவது போடலாமா?" என்றாள். அரைத்த மருதாணி தாராளமாகப் போடு, செம்மண் நிறத்தில்தான் பிடிக்கும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோன் மட்டும் வேண்டாம், அதில் முடிச் சாயத்தில் போடுகிற பி.பி.டி. கலந்திருக்கும், கொப்புளம் வந்தால் தழும்பே விழும். அங்கே அழகுக்கலைப் பெண் கொண்டு வந்திருந்தது அந்தக் கறுப்புக் கோன்தான். சித்திக்கு என் மேல் கொஞ்சம் கோபம்.

ஜூலையில் மாத்திரை முடிந்தது. அதே மாதம் ஆபீசில் ரத்ததான முகாம். ஃபாரத்தில் டாட்டூ என்ற இடத்தில் டிக் அடித்ததும் டாட்டூ போட்டு ஒரு வருஷம் ஆனதும் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். முதல் தடவையாக ஒரு ஃபாரம் என்னைச் சரியான கேள்வி கேட்டது.

ஆடிக் கடைசியில் அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். சண்டை போட இல்லை. ரிப்போர்ட்டைக் காட்டினேன், கேன் தண்ணீரைச் சொன்னேன். பையன் உட்கார்ந்துவிட்டான். "நாலு வருஷமா இப்படித்தான்க்கா கலக்குறேன். யாருமே கேட்டதில்ல" என்றான். இனிமேல் குப்பித் தண்ணீர் வாங்குகிறேன், ஃபாரத்தில் அந்தக் கேள்வியையும் சேர்க்கிறேன் என்றான். என் முன்னாலேயே பக்கத்து மெடிக்கலுக்குப் போன் போட்டு விலை கேட்டான். பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது கையைப் பிடித்துத் திருப்பி, குதிகாலில் மை போன இடத்தை உண்மையான அக்கறையோடு பார்த்துவிட்டுக் கேட்டான்: "டச்சப் ஃப்ரீதான்க்கா, எப்ப வர்றீங்க?"